இரண்டு கரண்டி சாம்பார்

தர்க்கத்தின் முதல் பாடம் என்று விதிகளை அடுக்கினால் உங்களுக்குத் தூக்கம் வரும்... எனக்கும் நாக்குக் குழறும். அதனால் ஒரு குட்டிக் கதை சொல்லிப் பார்க்கிறேன். சரியாக வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்க ஆண்டு விழா. மதியச் சாப்பாட்டுக்கு முப்பது பேர். பதினோரு வருஷமாக எங்களுக்குச் சமைக்கிற சூசையம்மாள்தான் அன்றைக்கும் சமையல். மறுநாள் பார்த்தால்... இருபது பேருக்கு மேல் வாந்தி, பேதி!

எல்லோரும் தேறி எழுந்ததும் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் தணிகாசலம் தீர்மானம் படிக்கிறார். “சாம்பார் சாப்பிட்ட எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஆகவே கோளாறு சாம்பாரில்தான். சூசையம்மாளைச் சமையலுக்கு அழைக்க வேண்டாம் என்று ஊரில் உள்ள மண்டபங்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவது.”

விழாவுக்குக் கொண்டுவந்த தன் அண்டாவை எடுத்துப்போக வந்த சூசையம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கடிதம் போனால் ஊரில் அவருக்கு ஏது அடுப்பு?

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!”

எல்லாக் கையும் மேலே. என் கை? மறைப்பானேன்... பாதி தூக்கிவிட்டேன். அப்புறம்தான் அந்தச் சொல் இடித்தது. எல்லோரும்... எல்லோருமா? எழுந்தேன்.

“சார், நான் ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“உம்ம வயிறு கல்லுய்யா!” ஒரே சிரிப்பு.

“இருக்கட்டும் சார். ‘எல்லோரும்’னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க.”

“ஊரே ஒண்ணு சொல்லுது. நீர் ஒருத்தர்!”

“ஒருத்தன் போதும் சார்.”

சிரிப்பு நின்றது. நான் உட்காரவில்லை. “சாம்பாரைத் தொடாமலே படுத்தவங்க யாராவது உண்டா?”

பின்வரிசையில் இருந்த உறுப்பினர் கோமதிநாயகம் மெல்ல எழுந்தார். “எனக்குப் பருப்பே ஆகாது. மோர்ச்சோறுதான் சாப்பிட்டேன். அப்புறம் அந்தப் பாதாம்பால்...”

பாதாம்பாலை வெளியிலிருந்து வாங்கி வந்தவர் தணிகாசலம்! அவர் முகம் வெளுத்தது.

“பாதாம்பால்தான் காரணம்னும் நான் சொல்லலை சார். அதுக்கும் இதே விதிதான்: அதைக் குடிச்சும் நல்லா இருக்கிற ஒருத்தர் வந்தா அதுவும் நிக்காது. எது காரணம்னு தெரியாம ஒருத்தர் பொழைப்பை அழிக்கிற கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தீர்மானம் விழுந்தது. வாசலிலிருந்து ஒரு குரல்: “ஐயா... அப்ப அண்டா இங்கயே இருக்கட்டுங்களா?”

“இருக்கட்டும்மா.”

இதை ஏன் சொல்கிறேன்? நாளைக்கே உங்களிடம் ஒருவர் வந்து, “அந்தத் தெருக்காரங்க எல்லோரும் திருடங்க, அந்த ஜனங்க எல்லோரும் இப்படித்தான்” என்பார். சுற்றிலும் கைகள் உயரும். பயமாகத்தான் இருக்கும்... எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் கணக்கு நம் பக்கம் ஐயா! ‘எல்லோரும்’ என்கிறவன் அத்தனை பேரையும் காட்ட வேண்டும். மறுக்கிற நீங்கள் ஒரே ஒருவரைக் காட்டினால் போதும்.

அந்த ஒருவர் கிடைக்கவில்லையா? அது நீங்களாகவே இருக்கலாம். என்னைப்போல நீங்களும் சாப்பிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்... சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், எழுந்து நில்லுங்கள்!