பின்சீட்டு பெல்ட்

மாலை ஆறே முக்கால். குச்சனூரைத் தாண்டி, பொட்டிப்புரம் பக்கமாகப் போடிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் நெல்வயல். மேற்கே மலை கறுத்துவிட்டது. எதிரே ஒரு வண்டி இல்லை...

கரண்ட் இப்போதைக்கு வராது போல. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என் கடைக் கூட்டாளி காமராஜின் அக்காவுக்கு நடந்தது இது. பெயர் கிருபாவதி. வீட்டுக்காரர் ஜேசுராஜ், போடியில் ஏலக்காய் வியாபாரம். நாலு வயதில் ஒரே மகள், ஜெனிபர். புதுக் காரில் ஐந்து நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில், தரங்கம்பாடிக் கோட்டை, மதுரை மகால். கடைசி நாள் கம்பத்துத் திராட்சைத் தோட்டம், சுருளி அருவி. கல்யாணமானதிலிருந்து அப்படிச் சிரித்ததே இல்லை என்பார் அக்கா.

வாய்க்கால் பாலத்தில் காரை நிறுத்தினார்கள். மலையை ஒரு படம் எடுக்க. குழந்தை பின்னால் தன் குட்டி இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று வரட்டுமே என்று மறுபக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள். மூன்று நிமிஷம். அவ்வளவுதான்...

கார் கிளம்பியதும் சத்தம் ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்...

"பின்னாடி பெல்ட்டு போடலைன்னு அடிக்குதுங்க. சீட்டுல பையைக் கிய்ய வச்சீகளா?"

"பையெல்லாம் டிக்கியில கெடக்கு. சென்சாரு கோளாறா இருக்கும்."

டிங்... டிங்... ஒரு வாடை வந்தது. வாய்க்கால் சேறு. அதோடு, பல நாள் அலசாத தலையில் ஊறிப்போன எண்ணெய். அக்கா கண்ணாடியை இறக்கினார். வாடை போகவில்லை.

பிறகு... க்ளக்.

டிங் சத்தம் நின்றுவிட்டது.

பெல்ட் மாட்டினால் கேட்குமே, அந்த க்ளக். நம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான்... அக்காதான் திரும்பிப் பார்த்தார்.

குழந்தை தூங்குகிறாள். அவளுக்குப் பக்கத்து இடம் காலி. ஆனால் அங்கே பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டில் ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால், வெறும் காற்றில், இறுக்கமாக நின்றது. ஓர் ஆளின் நெஞ்சுக்கு மேல் கிடப்பது போல. மெதுவாக முன்னே வந்தது... மெதுவாகப் பின்னே போனது...

மூச்சு.

"நிப்பாட்டுங்க... பாப்பாவத் தூக்குங்க... ஏசப்பா..."

குழந்தையின் வாரைக் கழற்ற ஜேசுராஜ் பின்கதவைத் திறந்தார். கொக்கி நாலு தடவை வழுக்கியது. பக்கத்தில் அந்த பெல்ட் அசைவதை அவர் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியிருப்பேன் என்று பின்னால் சொல்லி அழுதாராம். எப்படியோ எடுத்துவிட்டார். விளக்கு எரிய எரிய காரை விட்டுவிட்டு, முன்னால் தெரிந்த டீக்கடைக்கு ஓடினார்கள்.

கடைக்காரர் தவசி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாலத்துக்கிட்ட நிப்பாட்டுனீகளா?"

அக்கா தலையாட்டினார். தவசி அடுப்பை அணைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜேசுராஜுடன் நடந்தார். காரில் யாரும் இல்லை. பெல்ட் தன் இடத்துக்குச் சுருண்டு போயிருந்தது. தவசி பக்கத்தில் உட்கார்ந்து வர, ஜேசுராஜ் காரை வீடு சேர்த்தார். அந்த வாரமே விற்றுவிட்டார். தஞ்சாவூர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்று எழுந்து போய்விடுகிறார். எடுத்த படங்களை இன்றுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அக்கா அந்தக் காரில் ஏறவில்லை. டீக்கடைப் பக்கம் வந்த போடி பஸ்ஸில் குழந்தையோடு ஏறினார். வெளிச்சம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். படபடப்பு கொஞ்சம் அடங்கியது. மடியில் தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தார்...

கை நின்றுவிட்டது.

அருவியில் நனைந்த முடி, காயட்டும் என்று மத்தியானம் அக்காவே விரித்துவிட்டிருந்தார். இப்போது அது இறுக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல், ஒற்றைச் சடையாகப் பின்னிக் கிடந்தது. முனையில் ரிப்பன் இல்லை.

நீளமான ஒரு நரைமுடியால் சுற்றிக் கட்டியிருந்தது.