சாயம் ஒட்டாத பொடி

ராயபுரத்து நாட்டு மருந்துக் கடை. தெற்கத்திக் கடைக்காரர் இருந்தார். தலையில் துண்டு கட்டிய மீன்காரம்மா ஒருவர், அவருடைய நாத்தனார், வரிசையில் கடைசியாக நான்.

"முடி பளபளன்னு ஆவணும், நைனா. சாயம் மட்டும் துளி ஒட்டக் கூடாது," என்றார் மீன்காரம்மா.

"செம்பருத்தி இலையும் வெந்தயமும் அரைச்ச பொடி இருக்குக்கா. கலர் ஏறாது."

நாத்தனார் விடவில்லை. "கருப்பு அடிச்சுக்கோ அண்ணி. ஞாயித்துக்கெயம பொண்ணுக்கு நிச்சயம். பையன் வூட்டுல கெயவின்னுவாங்கோ."

"சொல்லிக்கினு போட்டும். கேன்சர் மருந்துல அத்தினியும் கொட்டி, இப்பத்தான் மொளைக்குது. வெள்ளையா வந்தா இன்னாடி? வந்துச்சே! இத்த நான் மறைக்க மாட்டேன்."



"நூறு கிராம் போடட்டுமாக்கா?" என்றார் கடைக்காரர்.

மீன்காரம்மா துண்டை அவிழ்த்தார். இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை முடி. நாத்தனார் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"பூனைக்குட்டி மாரி கீது, அண்ணி."

"அழகா இருக்குக்கா. இதுக்கு நூறு எதுக்கு? அடுத்த மாசம் வாங்க, கூடக் கேக்கும்லா," என்று கடைக்காரர் பொடியைத் தராசில் கொட்டினார்.

இருபத்தைந்து கிராம்.