காப்புக் கட்டும் கை

2025 ஜூலை 13, ஞாயிறு. காலை.
ஒரு சிறிய தவறு. தம்பி கிஷாந்த் பச்சை குத்தியிருப்பது இடது கையில் என்று மார்ச் மாதப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது வலது கையில். இன்று அடித்துத் திருத்தினேன்.

மாலை.
தம்பியின் கூட்டாளி அழகன் கொழும்பிலிருந்து வந்தான். பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன்.

— அது என்னக்கா, கொப்பியும் பேனாவுமா? நான் என்ன களவா எடுத்துட்டேன்?

— ஒக்காருடா. நாளைக்கு அந்திக் கிளாஸ்ல நான் அஞ்சு நிமிசம் பேசணும். 'பச்சை குத்துவதற்கு முன் இளைஞர் யோசிக்க வேண்டியவை.' சார் தெரிஞ்சு குடுத்தாரா, தெரியாமக் குடுத்தாரான்னு தெரியல.

— வேற தலைப்பு கேக்கலாமே தனுக்கா.

— கேக்கப் போனா அங்கயே அழுதுருவேன். அதான் கேக்கல. தம்பியோட சேந்து குத்துனவன் நீதான். ஒன்னைய விட்டா கேக்க ஆளில்ல.

— மொதல்ல டாட்டூன்னு எழுதுங்க. பச்சைன்னா வேலாயிப் பாட்டி காலத்துது.

— சரி, டாட்டூ. ஒன்னு. எங்க குத்துனீங்க?

— ஹட்டன்ல ஒரு சலூனுக்குப் பின்னால. நடுவுல ஒரு திரைச்சீல. அந்தப் பக்கம் ஒருத்தருக்கு முடி வெட்டு, இந்தப் பக்கம் எங்களுக்கு ஊசி.

— ரெண்டு. ஊசி புதுசா?

— மொத ஆளுக்குப் புதுசு. அப்புறம் சுடுதண்ணில கழுவுனான்.

— ஒனக்கும் தம்பிக்கும் ஒரே ஊசியா! ரத்தம் செக் பண்ணியாடா?

— எனக்கு என்னக்கா, எரும மாதிரி இருக்கேன்.

— ஈரல்ல வர்ற நோய் ஊசி வழியாத் தாவும். வருசக் கணக்கா வெளியில தெரியாதாம். கிளினிக்குக்குப் போயிட்டு எனக்கு மெசேஜ் போடு. ஒம் பேரையும் எழுதிட்டேன்.

— சரிங்க மிஸ்.

— மூனு. வீட்ல யாருகிட்ட சொன்னீங்க?

— யாருகிட்டயும் இல்ல. மார்கழிக் குளிரு மாதிரி எந்நேரமும் ஜெர்சிதானே, யாருக்குத் தெரியப் போவுது? நீங்க எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?

— பீலித் தண்ணியில குளிக்கிறப்பப் பாத்தேன். மூனு கிரிக்கெட் ஸ்டம்ப், மேல பேல். அம்மாகிட்ட சொல்லாதன்னு ஈரக் கையோட கும்புட்டான். சொல்லல. கொப்பியில மட்டும் எழுதுனேன்.

— கீழ பேரும் போடுவோம்னு நான் சொன்னேன்க்கா. கிஷாந்த்தான், 'பேரு எதுக்குடா, நம்மள யாருக்குத் தெரியாது'ன்னான்.

— நாலு. பேரு போடல.

— அழுவாதீங்க.

— அழல. எழுதுறேன்.

— நான் கெட்ட காரியத்துக்கும் வரல. மழைக்கு ரோட்டு ஒடஞ்சு பஸ் கினிகத்தேனையோட நின்னுருச்சு. திரும்பிப் போனேன். அந்த மழையில ரெண்டு பேரும் எதுக்குக்கா மல மேல போனானுங்க?

— லயத்து வீடுகளுக்குத் தண்ணி நின்னுபோச்சு. கொழாய்ல குப்ப அடைச்சிருக்கு, பத்து நிமிசத்துல வந்துருவோம்னு தம்பியும் ஒங்க கூட்டாளி ஜூட்சனும் போனானுங்க. மல சரிஞ்சு எறங்கிருச்சு. பதினோரு நாள் கழிச்சு ஆத்தோரத்துல ஒருத்தன் மட்டும் கெடச்சான்.

— நீங்கதான் அடையாளம் காட்டுனீங்களாம்.

— அம்மா வாசல்லயே மயங்கிட்டாங்க. மொகம்னு ஒன்னும் இல்லடா. ஜெர்சி தம்பியோடது. வேற அடையாளம் இருக்கான்னு கேட்டாங்க. கையில பச்சைன்னேன். இடது கையப் பாத்தேன், இல்ல. அப்புறம் அவங்களே வலது கையத் திருப்பிக் காட்டுனாங்க. மூனு ஸ்டம்ப். கையெழுத்து வச்சிட்டேன்.

— வலதுலயா?

— ஆமா. நான்தான் கொப்பியில தப்பா எழுதியிருக்கேன். நான் எதத்தான் ஒழுங்கா எழுதுனேன்?

— அக்கா, அந்தக் கொப்பிய மூடுங்க.

— ஏன்டா?

— கிஷாந்துக்கு இடது கையிலதான். எனக்கும் இடதுதான், இந்தா பாருங்க. அதுக்கு அடுத்த வாரம் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இருந்தோம். சலூன்காரன் வலது கையக் கேட்டான். காப்புக் கட்டுற கையில ஊசி படக்கூடாதுன்னு கிஷாந்த் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான்.

— அப்ப வலது கை...

— ஜூட்சன் சிரிச்சான். 'வேதக்காரனுக்கு என்னடா காப்பு, இந்தா'ன்னு வலது கைய நீட்டுனான்.

— ஜூட்சன் குத்தலியே? ஊசியப் பாத்துப் பயந்து ஓடிட்டான்னு தம்பி சொன்னானே?

— அப்புடிச் சொல்லச் சொன்னதே ஜூட்சன்தான். பச்சையப் பாத்தா அவங்கம்மா அந்தோனியம்மா அத்தை சாமியாடிருவாங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டான். ஸ்டம்ப் ஏன் மூனுன்னு யாருமே கேக்கலியேக்கா.

— ஆனா ஜெர்சி?

— அவனுங்க ரெண்டு பேரும் ஜெர்சி மாத்திப் போடாத நாள் ஏது?

— இடதுன்னு சரியாத்தான் எழுதியிருக்கேன். எழுதுன என்னையே நான் நம்பல.

— தண்ணி குடிங்க.

— அம்மா வெள்ளிக்கெழம தவறாம அந்தக் குழிக்குப் பால் கொண்டுபோறாங்க அழகன். முந்தாநாளு அந்தத் தலமாட்டுல ரோசாக் கன்னு நட்டாங்க.

— சொல்லாம விட்டுருவோம்க்கா. ரெண்டு பேரும் போனது போனதுதான். சொன்னா பொலிஸ் வரும், கோர்ட்டு வரும், குழியத் தோண்டுவாங்க. ஒரு அம்மாவுக்காவது ஒரு குழி இருக்கட்டுமே.

— இன்னொரு அம்மா?

— அவங்களுக்குத்தான் ஒன்னுந் தெரியாதே.

— தெரியாததுனாலதான்டா தேயிலக் கொழுந்தெடுக்கவே போகாம இருக்காங்க. ஒரு நீளக் கம்பிய வச்சிக்கிட்டு, சரிஞ்ச மண்ணக் குத்திக் குத்திப் பாக்குறாங்க. போன வாரம் நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். பாதியக் குடிச்சிட்டு, 'ஒந் தம்பி கெடச்சிட்டான், நீ குடுத்து வச்சவ'ன்னாங்க.

— ஐயோ அக்கா.

— அவங்க புள்ளைக்கு நாங்க திருநீறு பூசிப் பொதைச்சிருக்கோம். ஒரு செபம்கூட இல்லாம.

— அப்ப நம்ம கிஷாந்த்?

— மேலதான் இருக்கான். நாப்பத்திரெண்டு நாளா அந்தக் கம்பியால அத்தை தேடுறது எந் தம்பியத்தான்.

— நாளைக்குக் கிளாஸ்ல என்னக்கா பேசுவீங்க?

— மத்ததெல்லாம் அடிச்சிட்டேன். ஒரே ஒரு வரி. 'குத்தினால் வீட்டில் ஒருவரிடமாவது கையைக் காட்டி வையுங்கள்.' போறேனா இல்லியான்னே தெரியல.

— அம்மாகிட்ட யாரு சொல்றது?

— கையெழுத்து வச்சது நான். நானே சொல்றேன். அத்தை வீட்டுக்கு மட்டும் நீயும் வா. ஒங் கையக் காட்டணும்.

மார்ச் பக்கத்தில் மறுபடியும் 'இடது' என்று எழுதினேன்.

நாளை: அந்தோனியம்மா அத்தை கம்பியை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், ஆறு மணிக்கு, அம்மாவையும் அழகனையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.