கழிமுகத்து எண்ணிக்கை

ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காருவது எனக்குச் சிரமம். நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்று தடவை எழுந்திருப்பேன். உன் பூச்சிகளெல்லாம் சாப்பிட்டுவிட்டதா என்று என் கணவர் கேட்பார். இருபத்திரண்டு வருடமாக அதே நகைச்சுவைதான். நானும் சிரித்துவைப்பேன்.

அவை பூச்சிகள் இல்லை. துடுப்புக்காலிகள். அரிசிக் குருணையைவிடச் சிறியவை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதப்பவை. கடலில் மீன்குஞ்சுகளின் முதல் சாப்பாடே அவைதான். கழிமுகத்தில் வாராவாரம் திங்கட்கிழமை மெல்லிய வலையை இழுத்து, வந்ததைப் புட்டியில் அடைத்து, ஆய்வகத்தில் ஒரு தட்டு நிறைய ஊற்றி நுண்ணோக்கியில் எண்ணுவேன். அது என் வேலை. எண்ணும்போது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தட்டுக்கு முந்நூறு இருந்தன. பக்கத்திலேயே உலோகத்துக்கு முலாம் பூசும் ஆலை இருக்கிறது. அதன் கழிவுக் கால்வாய் கழிமுகத்தில்தான் வந்து விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக முந்நூறு இருநூறானது, நூறானது, நாற்பதானது. கழிவில் வரும் தாமிரம் அவற்றுக்கு ஆகாது. தாய்கள் முட்டைப் பையை உதிர்த்துவிடும். குஞ்சுகள் தோலுரிக்க முடியாமல் பாதியில் செத்துப்போகும். பதினொரு வருடம் இதை எழுதினேன். இன்ன வருடத்துக்குள் இந்தக் கழிமுகம் செத்துவிடும் என்று ஆண்டையே குறிப்பிட்டேன். எங்கள் இயக்குநர் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பார். விதி என்னவென்றால், அடுத்தடுத்து மூன்று வாரம் முப்பதுக்குக் கீழே போனால்தான் ஆலையை மூடச் சொல்ல முடியும். நாற்பதுக்கு விதியில்லை.

டேங்க்காரர் அப்போதுதான் வந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆலையின் கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். மாதம் ஒருமுறை சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நோட்டும் கையுமாக எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். முதல் தடவை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் பையை மாட்டிக்கிட்டு மார்க்கெட்லேர்ந்து வர்ற மாதிரி இருக்காளே மேடம்," என்றார்.

முட்டைப் பைகள் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அவை 'நம்ம பசங்க'. முதலாளியிடம் நடையாய் நடந்து இரண்டாவது வண்டல் தொட்டி கட்டவைத்தார். மணிக்கொருமுறை தானே தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினார்.

எண்ணிக்கை ஏறியது. எழுபது, நூற்றுப்பத்து, நூற்று அறுபது. மகிழ்ந்திருக்க வேண்டும், தெரியும். ஆனால் அந்த வாரங்களில்தான் என்னால் எங்கேயும் நிற்க முடியவில்லை. ஆய்வக நடைவழியில் தொண்ணூற்று நான்கு ஓடுகள். போகும்போது எண்ணுவேன், திரும்பும்போதும் எண்ணுவேன். ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்கும் குழு இரண்டு மாதத்தில் கூடவிருந்தது. இந்த எண்களைப் பார்த்தால் பத்து வருடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். டேங்க்காரர் ஓய்வு பெற்றதும் தொட்டியை யார் பார்ப்பார்கள்? தற்காலிகமான நல்லதைவிட மோசமானது எதுவுமில்லை. இயக்குநர் வேறு, உங்கள் பழைய எச்சரிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மயில்துத்தம், அதாவது தாமிர உப்பு, தோட்டக் கடையில் கிடைக்கும். பார்க்க அழகான நீலம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, அலை அதிகம் ஏறாத நாள், கழிமுகத்தில் தண்ணீர் குளம்போல் நின்றது. மூன்று கிலோவைக் கரைத்து மூடி போட்ட வாளியில் எடுத்துப் போனேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாளி கனமாக இருக்கிறதே என்று கரைவரை தூக்கிவந்து வைத்தார். நன்றி சொன்னேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

செத்தவை அடியில் படிந்துவிடும், வலையில் வராது. திங்கட்கிழமை தட்டில் பதினொன்று. தண்ணீரைச் சோதித்த வேறு ஆய்வகமும் தாமிரம் என்றே எழுதியது. இயக்குநர் என் அறைக்கு வந்து, நீங்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றார். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை டேங்க்காரர் போன் செய்தார். நான் பேசிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"உங்க நம்பர் தப்பா இருக்காது மேடம். அப்போ தப்பு என் டேங்க்லதான். அடியில எங்கயோ விரிசல் இருக்கணும். தண்ணியை வடிச்சாச்சு, இறங்கிப் பார்க்கணும்."

பார்க்கலாம் என்றேன்.

"ஸ்டோர்ல முகமூடி இல்ல. வர ரெண்டு நாளாகும்ங்கறாங்க. அதுவரைக்கும் நம்ம பசங்க தாங்குவாங்களா?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மூடிய வண்டல் தொட்டியில் தேங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும் என்று ஆலை ஊழியர்களுக்கு வருடா வருடம் வகுப்பு எடுப்பது நான்தான். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். காத்திருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால், அப்போ பசங்க தாங்குவாங்களா என்று மறுபடி கேட்பார். தாங்கும் என்று சொன்னால் அது என் அறிக்கைக்கே விரோதம். அறிவியல்படி ஒரு பதில்தான் இருந்தது.

"தாங்காதுங்க," என்றேன்.

"சரி மேடம், இறங்கிடறேன். அஞ்சு நிமிஷ வேலை," என்று வைத்துவிட்டார்.

அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரமானது. கையில் டார்ச் லைட் எரிந்துகொண்டே இருந்ததாம். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார் என்றார். அங்கேயும் என்னால் உட்கார முடியவில்லை; வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் கொண்டுவந்து கொடுத்த நோட்டைத்தான் நீங்கள் இந்த விசாரணை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். மணிக்கொரு எண், எல்லாம் வரம்புக்குள். தொட்டியில் விரிசல் இல்லை, கால்வாயில் தாமிரம் இல்லை, பிறகு கழிமுகத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதில் உள்ள எண்கள் எல்லாம் சரியானவை. அந்த மனிதர் ஒன்றைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

முதல் தடவை ஊற்றியது கடலுக்காக. அதை யாரிடமும் சொல்வேன். அடுத்ததைப் பற்றித்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் போய் மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, மனது கேட்காமல் கழிமுகத்துக்குப் போய் வலையை இழுத்தேன். வெளிக்கடல் நீர் புகுந்து எல்லாம் கழுவிப் போயிருந்தது. தட்டில் எண்பத்தாறு. பாதிக்கு மேல் தாய்கள், இரண்டு பக்கமும் பை நிறைய முட்டையோடு.

ஆலையோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையும் இதே எண் வந்தால், முதல் வாரம் ஏதோ தவறு, விரிசலே கிடையாது, அந்த மனிதர் வீணாக இறங்கினார் என்றுதானே பேசுவார்கள்? அந்த அம்மாள் அதை எப்படித் தாங்குவார்? தட்டைக் கழுவி வைத்தேன். மறுநாள் ஐந்து கிலோ கரைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் ஐந்து. அந்த இரண்டும் கடலுக்காக இல்லை. அவருடைய சாவுக்கு ஒரு மரியாதை வேண்டுமே என்றுதான்.