தாமாக முன்வந்தவர்கள்

ஒருவரிடம் வேலை வாங்கக் குரலை உயர்த்தத் தேவையில்லை என்பது என் அனுபவம். சலவை ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்த இத்தனை வருடங்களில் நான் யாரையும் ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை. என் பிரிவில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேசும் நிலையில் இருப்பவர்களைக் கேட்டால் போதும்.

மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் எங்களுக்கு வரும். கீழ்த்தளத்தில் துவைக்கும் இயந்திரங்கள். ஆள் உள்ளே ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரியவை. ஈரத்துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரிவுப் பாதை வழியாக மேலே கொண்டுவந்தால் ரோலர். கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் இல்லாமல் வந்துவிடும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும். வேலை கஷ்டம்தான். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்காத நாள் இருந்ததில்லை.

ஆலையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியதும் அந்தச் சத்தம் நின்றது. ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்டது. புது மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், முதலில் உட்காரச் சொன்னார்.

“உங்க பிரிவுலேர்ந்து மூணு பேர் போனாப் போதும்” என்றார். “ஆனா அவங்களா எழுதிக் குடுக்கணும். விருப்ப ஓய்வு. யாரையும் வற்புறுத்தின மாதிரி இருக்கவே கூடாது.”

“யாரும் எழுதிக் குடுக்கலன்னா சார்?”

“அப்போ நாங்களே பேர் சொல்லி அனுப்புவோம். இப்பக் குடுக்கற சலுகை எதுவும் அப்பக் கிடைக்காது.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. நான் அதை என் ஆட்களிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார், நாம் தப்பித்துவிடலாம் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் வந்தாலும் லீவு போடுவதில்லை. மேலாளர் சிரித்தால் அதற்கு ஓர் அர்த்தம், சிரிக்காவிட்டால் வேறோர் அர்த்தம். உடை மாற்றும் அறையில் ஒரு துண்டுக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டு, ஒருவருக்கு முன்பல் போயிற்று. அந்தப் பல்லைத் தரையிலிருந்து பொறுக்கியது நான்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியாமல் இல்லை. முடிவெடுக்க ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான்.

ரோலரில் துணி கொடுப்பவரை நாங்கள் ரேடியோ என்போம். வாய் மூடாத மனிதர். “என்னை அனுப்பிட்டா ரோலர் அழுதுடும் சார்” என்பார். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதைத் தொட்டால் ரோலர் உடனே நின்றுவிடும். அன்று காலை அந்தக் கம்பி அசையாதபடி ஒரு துணியை மடித்துச் செருகினேன். ரேடியோ யாரிடமோ திரும்பிப் பேசிக்கொண்டே விரிப்பைக் கொடுத்தார். விரிப்போடு கையும் போயிற்று. அவர் பேச்சு நின்றதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அலறல் வந்தது, கருகிய வாடை வந்தது. ஓடிப்போய் ரோலரை நிறுத்தியதும் நான்தான். மறுபக்கம் வெளியே வந்த விரிப்பை யாரும் பார்ப்பதற்குள் சுருட்டிவிட்டேன். செருகிய துணியும் அதற்குள் போயிற்று.

மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். “நீங்க ஓடி வரலன்னா தோள் வரைக்கும் போயிருக்கும் சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளம்பும்போது, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பதாக அவரே சொன்னார். நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணல்தான், ஆனால் அவருடைய விருப்பம்.

அடுத்து, மடிப்பு மேசையில் இருந்த அக்கா. கணவர் இல்லை, படிக்கிற மகன் ஒருவன். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றார்.

“ஒண்ணு போன்னு சொல்லுங்க, இல்ல இருன்னு சொல்லுங்க சார். ரெண்டுங்கெட்டானா நிக்கறதுதான் முடியல. சோறு எறங்க மாட்டேங்குது.”

“அது உங்க இஷ்டம்க்கா. நான் எப்படிச் சொல்ல முடியும்?”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, அவர் சரிவுப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தபோது, மேலே ஈரத்துணி நிரம்பிய வண்டியின் பிரேக்கை எடுத்துவிட்டேன். அக்கா சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஒதுங்க இடமில்லை. வண்டி அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. இடுப்பெலும்பு உடைந்த சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது. இனி நிற்கவே முடியாது என்று மருத்துவர் சொன்னார். எழுதிக் கொடுத்த அன்று அக்காவின் முகம் தெளிந்திருந்தது. என்ன ஆனாலும், ஒரு முடிவு தெரிந்துவிட்டதல்லவா?

இன்னும் ஒருவர் வேண்டியிருந்தது.

கீழ்த்தளத்தில் என் மச்சினன் வேலை செய்தான். என் மனைவியின் தம்பி. அவள் தூக்கி வளர்த்தவன். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் பெயரை நான் நினைக்கவே இல்லை, நம்புங்கள். சொந்தத்துக்குள் அப்படிச் செய்கிற ஆள் நானில்லை.

ஒரு மதியம் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இயந்திரத்துக்குள் விரிப்பு சுற்றிக்கொண்டதால் அவன் உள்ளே ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து அதை அறுத்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் குனிந்து, “சாப்பிட்டியா மாப்ள?” என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “மாமா, அன்னிக்கு வண்டி பிரேக்கை நீங்க எடுத்ததைப் பாத்தேன்.”

நான் சரிவுப் பாதைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

“ரேடியோ கையும் நீங்கதானா?”

“கண்டதையும் போட்டுக் குழப்பிக்காத.”

“நான் எழுதிக் குடுத்துடறேன் மாமா. இன்னிக்கே, இப்பவே குடுத்துடறேன். மூணு பேர் ஆயிடும்ல? எங்க அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன். இதோட நிறுத்திடுங்க.” அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சின்ன வயதில் கீழே விழுந்தால் அழாமல் இருக்க அப்படித்தான் செய்வான் என்று என் மனைவி சொல்வாள்.

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயந்துபோய் எழுதிக் கொடுத்தால் அது எப்படி விருப்ப ஓய்வாகும்? அது வற்புறுத்தல். மேலாளர் எதைச் செய்யவே கூடாது என்றாரோ அது. மற்ற இருவரிடமும் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். இவனிடம் மட்டும் மிரட்டிக் கையெழுத்து வாங்கினால் அவர்களுக்குச் செய்கிற துரோகமாகிவிடாதா?

கதவைச் சாத்தித் திருகினேன். அவன் கதவின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். பொத்தானை அழுத்தினேன். முதலில் தண்ணீர் இறங்கியது. இந்த இயந்திரத்தில் வெந்நீர்தான் வரும். பிறகு உருளை சுற்றத் தொடங்கியது. சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று ஆலை விசாரணையில் சொன்னேன். விழுந்தது. முதலில் “மாமா” என்றான், அப்புறம் “அக்கா” என்றான், அப்புறம் கனமான ஈரத்துணி மோதுகிற சத்தம் மட்டும்தான். சுற்று முடிவதற்குள் நான் மேலே போய் எல்லோரோடும் டீ குடித்தேன். இயந்திரம் பழையது, கதவு தானாக மூடிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

என் மனைவி அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கடைசியா உங்ககிட்ட என்ன பேசினான்?”

“வேலையை விடப் போறேன்னான்.”

நான் அவளிடம் எப்போதுமே பொய் சொன்னதில்லை.

மச்சினன் சாவதற்கு முந்தைய நாள் மருத்துவமனைக்குப் போய், பார்த்ததையெல்லாம் ரேடியோவிடம் சொல்லியிருக்கிறான். அவர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்கிற ஆளா அவர்? அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் சொன்னது எல்லாம் உண்மை. அக்காவை நசுக்கியது நான். மச்சினனைக் கொன்றது நான். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், மூன்று பேர் சேராவிட்டால் மூன்றாவது ஆள் நான்தான் என்று மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை, அன்றைக்கே மறந்துவிட்டேன். மூன்று பேர் விஷயத்திலும் அது என் நினைவுக்கே வரவில்லை. மச்சினன் தானாக எழுதிக் கொடுக்கிறேன் என்றபோது மட்டும், அப்பாடா, தப்பித்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினேன்.