தீவன அறையில் தம்பியைப் பூட்டியது பற்றி

என் பெயர் ஆர்டிஸ் ஹோவ்லண்ட். வயது அறுபத்தொன்று. மின்னசோட்டா மாநிலம், ஸ்வான் ஏரிச் சாலையிலுள்ள வான்கோழிப் பண்ணையில் குடியிருக்கிறேன். பண்ணை எனக்கும் என் தம்பி வெர்லினுக்கும் பொது. நான் அவனைத் தீவன அறையில் அடைத்து வைத்ததாக அவன் உள்ளேயிருந்து கைபேசியில் கொடுத்த புகாரின் பேரில் துணை ஷெரிப் விசாரிக்க, நான் சொல்வது என்னவென்றால்:

சென்ற வருடம் மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்து வான்கோழிகள் தீவனம் எடுக்காமல் துவண்டபோது, வெர்லின் தீவனத்தில் களிமண் தூள் கலந்து போட்டான். அந்தத் தூள் பூசணத்தின் நஞ்சைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். பறவைகள் பிழைத்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவனுக்கு எல்லா நோய்க்கும் களிமண்தான். தன் நெஞ்செரிச்சலுக்குக்கூட அதைக் காபியில் ஒரு கரண்டி போட்டுக் குடிக்கிறான்.

இந்த வாரம் குஞ்சுகள் கழிச்சல் கண்டு தினமும் செத்து விழுந்தன. கால்நடை மருத்துவர் லிண்ட்கிரென் அம்மாள் வந்து பார்த்து, தீவனத்தில் கலக்க மருந்து கொடுத்துவிட்டு, "இது முடியற வரைக்கும் களிமண் வேண்டாம். அது மருந்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கும்" என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். கையில் இருந்தது ஒரு கலவைக்கான மருந்துதான். அந்த மருந்து மறுபடி வர வாரக் கடைசி ஆகும். வெர்லின் தலையை ஆட்டினான்.

அதன் பிறகு இன்று காலை நான் அந்த மருந்தைத் தீவனம் கலக்கும் மிக்சரில் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவன் மண் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். படித்துப் படித்துச் சொன்னேன். "போன வருஷம் காப்பாத்துனது டாக்டரா, என் மண்ணா அக்கா?" என்றான். "அது நஞ்சு, இது மருந்துடா. மண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்றேன். "என் மண்ணுக்குத் தெரியும்" என்றான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதன் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே வந்து, கதவை இழுத்துப் பூட்டி, மருத்துவர் வந்து புத்தி சொல்லும் வரை கிடக்கட்டும் என்று அவருக்குப் போன் போட வீட்டுக்குள் போனேன். அவனை அடிக்கவில்லை. திட்டினேன்.

அதன் பிறகு துணை ஷெரிப் வந்து கேட்டதும் சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்ததும் வெர்லின் தலைமுதல் பூட்ஸ்வரை சாம்பல் நிறத்தில் வெளியே வந்தான். மண் மூட்டைகள், மிக்சர், கொட்டகைக்குத் தீவனம் தள்ளும் பொத்தான் எல்லாம் அந்த ஒரே அறையில்தான் இருக்கின்றன. "சும்மா உக்கார முடியலக்கா. மிச்ச மூட்டையையும் போட்டு அனுப்பிட்டேன்" என்றான். கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் அதைத்தான் தின்றுகொண்டிருந்தன.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதோ குறைத்ததோ இல்லை. அவனை அடைத்ததற்கு வருந்துவதாக ஒரு வரி சேர்க்கலாமா என்று துணை ஷெரிப் கேட்டார். மூட்டைகளை முதலில் வெளியே எடுத்து வைக்காததற்கு வருந்துகிறேன் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

(ஒப்பம்) ஆர்டிஸ் ஹோவ்லண்ட்