இருபத்தொன்பது புள்ளி நாலு

இருந்தவர்கள்: அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பேனல் பார்க்கும் மாமா. அவர் தங்கையைக் கட்டியவரும், அதே நிலையத்தின் தண்ணீர் ஆய்வகத்திலிருந்து அடுத்த மாதம் ஓய்வு பெறுபவருமான அப்பா. பாதியில் வந்து சேரும் மகள். நேரம், பகல் ஒன்றரை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

— என்னத்த மாப்ள, இந்த வெயில்ல நோட்டைத் தூக்கிட்டு எங்க போறீங்க? முதல்ல கதவைச் சாத்துங்க. குளிர் போகுது.

— சாத்திட்டேன் மச்சான். தண்ணிச் சூடு எழுதுற பழைய நோட்டெல்லாம் வேணும். அதாவது, பதினோரு வருஷத்து நோட்டும். உங்க மருமகளுக்குக் காட்டணும்.

— இங்க வேலைக்குச் சேரச் சொல்லி ஆர்டர் வந்து வாரமாச்சே. இன்னுமா கையெழுத்துப் போடல அவ?

— போடல. இன்னைக்கு மூணு மணிதான் கடைசி. “கரி எரிச்சுக் கடல் சூடாகுதுன்னு டிவியில சொல்றது வேண்டாம்ப்பா. நீங்க அந்தக் கடல் தண்ணிகிட்டயே உக்காந்திருக்கீங்க. சூடாகுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, சேர்றேன்”ங்கறா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— தெரியலைன்னேன். ஒரு நாள் ஆகுதுன்னு தோணுது. மறுநாள் சும்மா பயமுறுத்துறாங்கன்னு தோணுது. நோட்டைத் திறந்து பாத்தாதான் தூக்கமே வருது. இந்த மாசம் இருபத்தொன்பது புள்ளி நாலு டிகிரி. போன வருஷம் இதே மாசம் இருபத்தொன்பது புள்ளி நாலு. அதுக்கு முந்தின வருஷமும் அதேதான்.

— அப்புறம் என்ன? காட்டுங்க, சேரட்டும். அவ சேரலைன்னா அடுத்த மாசம் குவாட்டர்ஸைக் காலி பண்ணணும். என் தங்கச்சி அந்த ஆக்சிஜன் மெஷினைத் தூக்கிட்டு எங்க போவா? இங்கயாவது கரண்டு நிக்காம வருது.

— அதுக்குத்தான் கேக்குறேன். அவ குடைஞ்சு குடைஞ்சு கேப்பா. தண்ணி உள்ள வர்ற கால்வாய்ல எந்த இடத்துல அளக்குறீங்க?

— யாரு, நானா?

— உங்க ஆளுங்க.

— விளையாடுறீங்களா மாப்ள? நாங்க எங்க அளக்குறோம்? கால்வாய்ல இருந்த தெர்மாமீட்டர் பதினோரு வருஷத்துக்கு முந்தின புயல்லயே போச்சு. அதுலேர்ந்து உங்க லேப் ஷீட்டைப் பாத்துத்தான் போடுறோம்.

— எங்க ஷீட்டையா?

— ஆமா. காலையில வந்துடுதே.

— மச்சான்... அதாவது, நாங்க உங்க நோட்டைப் பாத்துத்தான் அந்த ஷீட்டையே எழுதுறோம்.

— என் நோட்டையா?

— புதுசு மாட்டிட்டீங்கன்னு நினைச்சோம்.

— நீங்க வாளியில மொண்டு அளக்குறீங்கன்னு நாங்க நினைச்சோம்.

— ஒரு நாள்கூடவா அளக்கல?

— நீங்க?

— இல்ல.

— சரி. டீ சொல்லவா?

— அப்போ இருபத்தொன்பது புள்ளி நாலு யாரோட நம்பர்?

— புயலுக்கு முந்தினதா இருக்கும். நல்ல நம்பர். யாருக்கும் தொந்தரவு குடுத்ததில்ல.

— உங்களுக்கு ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?

— என்னத்த சந்தேகம்? நாலஞ்சு வருஷமா அதே கரண்டுக்குக் கரி கூடப் போகுது. தண்ணி சூடா வந்தா மெஷின் குளிராது, கரி கூடத் திங்கும். தெரியும். ஆனா நோட்டுல இருபத்தொன்பதுன்னு இருக்கே? அதனால கரிதான் மட்டம்னு நினைச்சேன். கரிக்காரன்கிட்ட சண்டைகூடப் போட்டேன்.

— நான் இந்த நம்பரை நம்பி வீட்டுல எத்தனை பேர்கிட்ட வாதாடியிருக்கேன் தெரியுமா?

— வாங்க மருமகளே. கதவு, கதவு.

— சாத்திட்டேன் மாமா. அப்பா, நோட்டை வைங்க. வேண்டாம்.

— இல்லம்மா, நான் சொல்ல வந்தது...

— நானே அளந்துட்டேன். கால்வாய்ல அளக்க ஒண்ணுமே இல்ல. அம்மாவோட காய்ச்சல் தெர்மாமீட்டரை நூல்ல கட்டி விட்டேன். அது முப்பத்தஞ்சுலதான் ஆரம்பிக்கும். ஏறாதுன்னு நினைச்சேன். ஏறிருச்சு.

— எவ்வளவு?

— முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு.

— கடலுக்கே காய்ச்சலா? சரிதான்.

— சிரிக்காதீங்க மாமா.

— சிரிக்கலம்மா. என் மூஞ்சியே அப்படித்தான்.

— ஒரு நாள் அளந்தா ஒண்ணும் தெரியாதும்மா. அதாவது, இன்னைக்கு மட்டும் சூடா இருக்கலாம். பதினோரு வருஷம் அளந்திருந்தாத்தான் தெரியும்.

— அதனாலதான் கையெழுத்துப் போட்டுட்டேன். நேரா ஆபீஸ் போனேன். தண்ணி ரீடிங் எழுதுற வேலையாம். இன்னைலேர்ந்து ஒருத்தியாவது அளக்கட்டும். ரெண்டு மணி ரீடிங் நான்தான் எழுதணும். பேனா குடுங்க.

— இந்தா மருமகளே. எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. தண்ணி முப்பத்திமூணைத் தாண்டினா கரண்டு எடுக்குற லோடைப் பாதியாக்கணும். அது சட்டம். பாதியாக்கினா முதல்ல அணையிறது குவாட்டர்ஸ் லைன். அதுவும் சட்டம்.

— எவ்வளவு நேரத்துக்கு?

— தண்ணி ஆறுற வரைக்கும். ராத்திரி ஆகும்.

— அம்மா மெஷின்ல பேட்டரி எவ்வளவு நேரம் வரும்பா?

— நாப்பது நிமிஷம். ஆனா நீ எழுதும்மா. முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிட்டுப் போறேன்.

— எந்த ஆஸ்பத்திரிக்கு? அங்கயும் இங்கேர்ந்துதான் கரண்டு போகுது.

— அங்க ஜெனரேட்டர் இருக்கும்மா. டீசல்ல ஓடும்.

— டீசல்ல.

— எழுதும்மா. யாராவது ஒரு நாள் எழுதித்தானே ஆகணும்?

— நீங்க அடுத்த மாசம் வீட்டுக்குப் போறவருப்பா.

— அதுக்காக?

— ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

— மணி ஒண்ணு அம்பத்தெட்டு, மருமகளே. எதையாவது போடு.

— நாளைக்கு அளக்கலாம். காலையில. தண்ணி ஆறியிருக்கும்போது.

— காலையில அளந்தா அது சரியான அளவு இல்லம்மா...

— தெரியும்பா. நீங்க கிளம்புங்க. அம்மா தனியா இருப்பாங்க. ஷிப்ட் ஆளுங்க மட்டும்தான் உள்ள இருக்கணும்னு வெளிய போர்டு மாட்டியிருக்கு.

— என்ன எழுதின? நோட்டைக் காட்டு.

— போயிட்டு வாங்கப்பா.

— மச்சான், அவ என்ன எழுதினான்னு நீங்களாவது பாத்துச் சொல்லுங்க.

— நான் எதுக்கு மாப்ள பாக்கணும்? நாளைக்கு உங்க ஷீட்டுல வரும்.

— அப்பா போயிட்டாரு. மூணு மணிக்கும் சேத்து அதே பழைய நம்பரை எழுதிட்டேன். கதவைப் பூட்டுங்க மாமா, குளிர் போகுது.